காகிதக் கப்பலுக்குச் சர்ட்டிபிகேட்! கடலோடும் கப்பலுக்கு?

புதுக் கப்பல்களெல்லாம் எண்ணெயைச் சிக்கனமாக எரிக்கின்றன, சர்வதேச விதியே அதற்குச் சாட்சி என்று கப்பல் முதலாளிகள் மார்தட்டுகிறார்கள். அந்த விதியின் லட்சணத்தைக் கொஞ்சம் பார்ப்போம், தோழர்களே!

சர்வதேசக் கப்பல்களின் புகைப் பிரச்னையை 1997 கியோட்டோ ஒப்பந்தம் லண்டனிலுள்ள சர்வதேசக் கடல்சார் அமைப்பின் தலையில் கட்டியது. அந்த அமைப்பு ஒரு விதி செய்ய 14 வருஷம் பிடித்தது. 2011 ஜூலையில் நிறைவேறி, 2013 ஜனவரி 1-ல் அமுலுக்கு வந்தது. ஒரு டன் சரக்கை ஒரு கடல் மைல் கொண்டுபோக எத்தனை கிராம் கரியமில வாயு வெளியாகிறது என்பதுதான் கணக்கு. பெரும்பாலான பெரிய சரக்குக் கப்பல்களுக்கு 2015-ல் 10 சதவிகிதம், 2020-ல் 20, 2025-ல் 30 என்று படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எதிலிருந்து குறைப்பது? 1999 முதல் 2009 வரை கட்டிய கப்பல்களின் சராசரியிலிருந்து! வேகம் வேகம் என்று எண்ணெயை வாரி இறைத்த காலம் அது. அளவுகோல் எவ்வளவு தாழ்வானது என்பதற்கு அவர்களே சாட்சி. கன்டெய்னர் கப்பல்களின் 2025 இலக்கை 2022-க்கே முன்தள்ளி, மிகப் பெரியவற்றுக்கு 50 சதவிகிதமாக உயர்த்த வேண்டி வந்தது.

பரீட்சை நடப்பது எங்கே? காற்றில்லாத, அலையில்லாத கடலில், முழுச் சரக்கோடு, பெரும்பாலும் எஞ்சின் சக்தியின் 75 சதவிகிதத்தில். அதாவது, காகிதத்தில்! எண்ணெய் டாங்கர் வளைகுடாவிலிருந்து நிறைந்து போகும். திரும்பும்போது வெறுங்கப்பலாக வரும். அந்தத் திரும்பு பயணம் இந்தக் கணக்கில் கிடையாது. உண்மையான ஓட்டத்தை அளந்து தரம் போடும் ஏற்பாடு 2023-ல்தான் வந்தது. அதில் கடைசித் தரம் வாங்கிய கப்பலுக்கு என்ன தண்டனை? திருத்தத் திட்டம் ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும்! நம்மூர் பள்ளிக்கூடத்தில்கூட இதைவிடக் கண்டிப்பு அதிகம்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. கப்பலின் உடலமைப்பைச் செப்பனிடலாம், நல்ல சுழல்விசிறி பொருத்தலாம், காற்றைப் பிடிக்கும் உருளைகளை நிறுத்தலாம். இவற்றுக்கு அறிவும் உழைப்பும் பணமும் வேண்டும். முதலாளிக்குச் சுலபமான வழி வேறு: சின்ன எஞ்சின்! வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், அமைதியான கடலில் பாதி சக்தியே போதும். இலக்கும் எட்டும், எஞ்சின் செலவும் மிச்சம்.

ஆனால் புயல் அடிக்கும்போது? கரையை நோக்கித் தள்ளும் காற்றை எதிர்த்துக் கப்பலின் முகத்தைத் திருப்ப சக்தி வேண்டாமா? அப்போது கப்பலில் இருப்பது லண்டன் மாநாட்டுப் பிரதிநிதி அல்ல. மணிலாவிலிருந்தும் மும்பையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் போன மாலுமி. போதிய சக்தி இருக்க வேண்டும் என்று விதி சொல்லத்தான் செய்கிறது. எவ்வளவு என்பதற்கு 2013-ல் ஒரு 'இடைக்கால' வழிகாட்டி வந்தது. அதுவும் 20,000 டன்னும் அதற்கு மேலுமுள்ள டாங்கர்களுக்கும் தானியம், தாதுப்பொருள் ஏற்றும் கப்பல்களுக்கும் மட்டும். அந்த 'இடைக்காலம்' முடிய 2021 ஆயிற்று!

சிக்கனமே வேண்டாமென்றா சொல்கிறோம்? இல்லை. 2018-ல் மனிதர் வெளிவிட்ட புகையில் கிட்டத்தட்ட 3 சதவிகிதம் கப்பல்களுடையது. கடல் உயர்ந்தால் முதலில் மூழ்குவது மீனவக் குப்பம்தான், முதலாளியின் மாளிகையல்ல. காகிதத்தை விட்டு, எரித்த எண்ணெயையே அளந்து, வரம்பு மீறினால் பணம் கட்டு என்ற திட்டம் 2025 அக்டோபரில் லண்டனில் வாக்கெடுப்புக்கு வர இருந்தது. நடந்தது என்ன? ஆதரிக்கும் நாடுகளுக்கு வரி, விசாத் தடை, துறைமுகக் கட்டணம் என்று அமெரிக்க ஏகாதிபத்தியம் பகிரங்கமாக மிரட்டியது. சவூதி அரேபியா ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்தது. 57-க்கு 49 வாக்கில் ஒரு வருஷம் தள்ளிப்போட்டார்கள். காகிதக் கப்பலைச் சகித்துக்கொண்டவர்களுக்கு, உண்மை எண்ணெய்க் கணக்கு என்றதும் குலை நடுங்கிவிட்டது!

எரித்த எண்ணெயைக் கொண்டே கப்பலை அளக்க வேண்டும். கடைசித் தரக் கப்பலைத் துறைமுகத்தில் நிறுத்த வேண்டும். எஞ்சின் சக்தி எவ்வளவு என்று முடிவு செய்யும் மேஜையில், புயலில் அந்த எஞ்சினை நம்பி நிற்கும் மாலுமிகளின் சங்கத்துக்கு நாற்காலி போட வேண்டும்.