கத்தியில் ஒரு துளை

லேப்ராஸ்கோப்பி அறுவையில் வயிற்றுச் சுவரைத் துளைக்கும் கருவி ட்ரோக்கார். சுவரைக் கடந்த கணமே அதன் கூர்முனை ஆபத்தாகிவிடும். குடலும் இரத்தக் குழாய்களும் மிக அருகில் உள்ளன. வெட்டும் பரப்பிலேயே ஒரு துளையிட்டு, உள்ளே நுழைந்ததும் அதன் வழியே மழுங்கிய தண்டொன்று முன்வந்து கூர்முனைக்குக் காவலாக நிற்கச் செய்யலாம் என்பது ஒரு யோசனை. அது யாருடையது என்பதில் திரும்பிய வழக்குதான் எத்திகான் எதிர் யு.எஸ். சர்ஜிகல். அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998இல் அளித்த தீர்ப்பை ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டும் என்பேன்.

மருத்துவர் யூன், பட்டம் பெறாத மின்னணுத் தொழில்நுட்பரான சோயை 1980இல் சந்திக்கிறார். சோய் ஊதியமின்றி 18 மாதங்கள் அவருடன் உழைத்து, 1982இல் விலகுகிறார். அதே ஆண்டில் யூன் தம்மை மட்டுமே கண்டுபிடிப்பாளராகக் குறித்து விண்ணப்பிக்கிறார். சோய்க்குத் தகவல் இல்லை. 1985இல் 55 உரிமைக்கோரல்களுடன் காப்புரிமை கிடைக்கிறது. பிரத்தியேக உரிமம் பெற்ற எத்திகான் 1989இல் போட்டி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுக்க, அந்நிறுவனம் 1992இல் சோயைக் கண்டறிந்து அவரிடமே உரிமம் வாங்கிவிடுகிறது. சோய் வரைந்த படங்கள் சான்றாயின. 55இல் இரண்டில் அவர் பங்கு உண்டு, எனவே முழுக் காப்புரிமைக்கும் அவர் இணை உரிமையாளர் என்றது நீதிமன்றம். அவர் வாதியாகச் சேராததால் வழக்கே தள்ளுபடியாயிற்று.

உரிமைக்கோரல் ஒவ்வொன்றும் ஒற்றை வாக்கியமாக எழுதப்படுவது மரபு. எத்தனை நீண்டாலும் முற்றுப்புள்ளி ஒன்றே. மொழியியல் படித்தவள் என்பதால் நான் அந்த வாக்கியத்தில் சோயைத் தேடினேன். ‘ஒரு பக்கத்தில் துளையுடைய’ என்ற அளவில் ஒரு சிறு அடைதான் அவர்.

இத்தனை சிறு பங்குக்கு முழு உடைமையா என்று கேட்டு நீதிபதி நியூமன் மாறுபட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் என்னை உறுத்துவது வேறு. சோயின் பெயர் வெளிவந்தது அதற்கு விலை இருந்ததால். நம் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு கண்டுபிடிப்பாளரின் பெயரைக் குறிப்பிட வழி தருகிறது. அப்பெயரால் எவ்வுரிமையும் வாராது என்றும் சொல்கிறது. 50ஆம் பிரிவின்படி, இணை உரிமையாளர் மற்றவர் இசைவின்றி உரிமம் வழங்கவும் இயலாது. இங்கே எந்தப் போட்டி நிறுவனம் சோயைத் தேடி வந்திருக்கும்?

ஆய்வேடுகளிலும் தேடி வருவார் எவருமில்லை. ஒரு வினைவிகுதிக்கு நான் எழுதிய விளக்கத்தைத் தவறென்று சொல்லி, இரு சூழல்களைப் பிரித்துக் காட்டியவர் பள்ளிக்கே போகாத ஓர் அம்மா. என் மூன்றாம் இயல் அந்தப் பிரிப்பின்மேல்தான் நிற்கிறது. வரைவில் அவர் ‘தகவலாளி 4’. அடையாளத்தை மறைப்பது ஆய்வு நெறி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரிடம் ஒருமுறையும் கேட்கவில்லை. அடுத்த மாதம் களத்துக்குப் போகிறேன். அந்த இயலைக் கட்டுரையாக்கும்போது இணையாசிரியராக அவர் பெயரைப் போடலாமா என்று அவரிடமே கேட்கப்போகிறேன்.