வலிக்கு மார்க் போடும் தாள்

காய்ச்சலை அளக்கக் கருவி இருக்கிறது. ரத்த அழுத்தத்தை அளக்கவும் கருவி இருக்கிறது. வலியை அளக்க என்ன இருக்கிறது?

ஒரு தாளும் ஒரு பென்சிலும் இருக்கின்றன! அதைக் கொண்டுதான் லண்டன் டாக்டர்கள் வலியை அளக்கிறார்கள். யாருடைய வலியை? மருந்தால் குணமாகாத ஒரு நரம்பு நோயில் படுத்தவர்களின் வலியை.

அந்த நோயின் பெயர், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்.

ஜாக்குலின் டு பிரே என்று ஒரு பெண்மணி. 1945ல் இங்கிலாந்தில் பிறந்தவர். செலோ வாசிப்பதில் கெட்டிக்காரர். செலோ என்பது வயலின் மாதிரி. ஆனால் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில் போட்டு வாசிப்பார்கள். 16 வயதில் அவர் லண்டனில் கச்சேரி செய்தார். பெரும் புகழ் பெற்றார். பிறகு, விரல்களில் உணர்ச்சி குறைந்தது. கம்பியைத் தொட்டால் தொட்டது தெரியவில்லை. 1973ல் டாக்டர்கள் நோயைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அப்போது அவருக்கு வயது 28. வாசிப்பு நின்றது. சக்கர நாற்காலி வந்தது. 1987ல், 42 வயதில், இறந்து போனார்.

இடையில் 14 ஆண்டுகள்! அந்த 14 ஆண்டுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வேலியே பயிரை மேயும் நோய்

மின்சாரக் கம்பிக்கு மேலே ரப்பர் உறை இருக்கும் அல்லவா? நம் நரம்புகளுக்கும் அப்படி ஓர் உறை உண்டு. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே அந்த உறையைத் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்கிறது! உறை போனால், மூளையின் கட்டளை கை கால்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது.

1868ல் பாரிஸ் நகர டாக்டர் ஷார்கோ இந்த நோயை விளக்கி எழுதினார். 2020ல் எடுத்த கணக்கின்படி, உலகத்தில் சுமார் 28 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பிடிக்கிறது. இப்போது நோயின் வேகத்தைக் குறைக்க மருந்துகள் வந்துவிட்டன. எல்லோரும் படுக்கையில் விழுவது இல்லை. ஆனால், விழுந்தவர்கள் பல ஆண்டுகள் அப்படியே இருக்கிறார்கள்.

காலை அளந்தார்கள்

இந்த நோய்க்கு அளவுகோல் இல்லாமல் இல்லை. அமெரிக்க டாக்டர் ஜான் கர்ட்ஸ்கி 1955ல் ஒன்று செய்தார். 1983ல் அதை விரிவாக்கினார். 0 முதல் 10 வரை மார்க். 6 என்றால் கைத்தடி வேண்டும். 7 என்றால் சக்கர நாற்காலி. 9 என்றால் படுத்த படுக்கை. 10 என்றால் மரணம்.

நல்ல அளவுகோல்தான். புது மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இன்றும் உதவுகிறது. ஆனால், பெரும்பாலும் நடையைத்தான் அது அளக்கிறது. "ராத்திரி தூங்கினீர்களா?" என்று அது கேட்காது. "வாய் வறள்கிறதா? வாந்தி வருகிறதா?" என்றும் கேட்காது. படுத்துவிட்ட ஒருவருக்கு ஆண்டுக்கணக்காக ஒரே மார்க். அவருக்கோ நேற்று ஒரு வலி, இன்று ஒரு வலி!

லண்டனில் டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண்மணி, முதலில் நர்சாக இருந்தவர், 1967ல் ஒரு மருத்துவ இல்லம் திறந்தார். நோயைத் தீர்க்க முடியாவிட்டாலும் துன்பத்தைத் தணிக்க முடியும் என்பது அவர் வழி. அதுவே நோய்த் தணிப்பு சிகிச்சை. ஆரம்பத்தில் அது பெரும்பாலும் புற்று நோயாளிகளுக்கே கிடைத்தது. நரம்பு நோயாளியின் பக்கம் அது திரும்ப வெகு காலம் ஆயிற்று.

தாளில் என்ன இருக்கிறது?

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் டாக்டர் ஐரீன் ஹிக்கின்சனும் அவர் கூட்டத்தாரும் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். 1999ல் அது வெளிவந்தது. பிறகு, இந்த நரம்பு நோய்க்கென்றே தனியாக ஒரு தாளும் செய்தார்கள்.

வலி, களைப்பு, தசை இழுப்பு, தூக்கமின்மை, மலச்சிக்கல், விழுங்கச் சிரமம், படுக்கைப் புண் என்று அதில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நோயாளியே மார்க் போட வேண்டும். இல்லவே இல்லை என்றால் 0. கொஞ்சம் என்றால் 1. ஓரளவு என்றால் 2. கடுமை என்றால் 3. 4 என்றால்? வேறு எதையும் நினைக்கவே முடியவில்லை என்று பொருள்!

"வலிக்கு எப்படி மார்க் போடுவது? உன் 3 வேறு, என் 3 வேறு அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், ஒருவருடைய 3ஐ மற்றவருடைய 3உடன் ஒப்பிடுவது முக்கியம் அல்ல. போன மாதம் 3 போட்டவர் இந்த மாதம் 1 போட்டாரா, 4 போட்டாரா? அதுதான் முக்கியம்.

கேட்காவிட்டால் பலர் சொல்லவே மாட்டார்கள். "இந்த நோய் வந்தால் இப்படித்தான் இருக்கும்" என்று பல்லைக் கடித்துக்கொள்வார்கள். முகத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. இந்த நோயாளிகளில் சிலருக்குக் காரணம் இல்லாமலே சிரிப்பு வரும். உள்ளே சந்தோஷம் இருக்காது. உதடு மட்டும் சிரிக்கும். நரம்பு செய்கிற வேலை அது. பார்க்க வந்தவர்கள், "நன்றாகத்தானே சிரிக்கிறார்!" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். என்ன கொடுமை!

நோயாளிகளில் பாதிப் பேருக்கு ஞாபக சக்தியும் யோசனையும் ஓரளவு குறையும். சிலருக்குப் பேச்சே குழறும். அப்போது மனைவியோ, கணவனோ, தாயோ மார்க் போட வேண்டியிருக்கும். வாந்தி, இருமல் போன்று கண்ணுக்குத் தெரிவதைச் சரியாகவே சொல்லிவிடுகிறார்கள். வலியையும் மனக்கவலையையும் அப்படிச் சொல்ல முடிவதில்லை. ஆகையால், கண் இமையை அசைத்தாவது பதில் சொல்ல முடிகிறவரை, நோயாளியையே கேட்பதுதான் சரி. நேரம் ஆகும். ஆகட்டுமே!

கேட்டதால் என்ன பலன்?

தென்கிழக்கு லண்டனில் 52 நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தணிப்பு சிகிச்சைக் குழுவின் உதவி உடனே கிடைத்தது. மற்றவர்களுக்கு 12 வாரம் கழித்து. வலி, குமட்டல், வாந்தி, வாய்த் தொல்லை, தூக்கமின்மை ஆகிய ஐந்தின் மொத்த மார்க்கைப் பார்த்தார்கள். உதவி கிடைத்தவர்களுக்குத் தொல்லை குறைந்திருந்தது. காத்திருந்தவர்களுக்குக் கூடியிருந்தது. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிற குடும்பத்தாரின் பாரமும் குறைந்தது. செலவும் கூடவில்லை.

52 பேர் என்பது சின்னக் கணக்குதான். இத்தாலியில் வீடு தேடிப் போய் இதே மாதிரி செய்து பார்த்து, 2018ல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே தொல்லைகள் கொஞ்சம் குறைந்தன. வாழ்க்கைத் தரம் உயர்ந்ததாகத் தெரியவில்லை. இதை மறைக்க வேண்டியது இல்லை. ஆண்டுக்கணக்காக இருக்கும் நோயைச் சில மாத உதவி எவ்வளவு மாற்றிவிடும்?

லண்டன் குழு கொடுத்ததும் குறுகிய கால உதவிதான். குழு போன பிறகு, அந்தத் தாளை யார் எடுத்து வருவார்? நரம்பு டாக்டர் அறையிலேயே அது இருக்க வேண்டும் என்பது நம் கருத்து. சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்க்கும் அதே மேஜையில் அதுவும் இருக்கட்டும். நோயாளி 3 போட்டால், அன்றைக்கே மருந்தை மாற்ற வேண்டும். மாற்ற மனம் இல்லாதவர்கள் தாளை நீட்டவே வேண்டாம். 4 போட்டுவிட்டு வீடு திரும்பி, அடுத்த சீட்டு வரும்வரை ஆறு மாதம் காத்திருப்பது, கேட்காமல் விட்டதைவிடப் பெரிய துன்பம்.