இணைக்கும் கம்பி யாருக்குச் சொந்தம்?

2017 செப்டம்பரில் ‘சௌபாக்யா’ திட்டத்தை அறிவித்த ஒன்றிய அரசு, மின்கம்பி எட்டாத தொலைதூரக் குடியிருப்புகளின் வீடுகளுக்கு 200 முதல் 300 வாட் வரையிலான சூரிய மின்தகடு, பேட்டரி, ஐந்து எல்இடி விளக்குகள், ஒரு மின்விசிறி ஆகியவற்றை வழங்குவதாகவும், ஐந்தாண்டுகள் பராமரிப்பதாகவும் உறுதியளித்தது. தொடக்கத்தில் பொருத்தப்பட்டவற்றுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. மாற்று ஏற்பாடு இல்லையெனில், பழுதான பேட்டரியின் செலவு ஏழைக் குடும்பத்தின் தலையிலேயே விழும்.

தனித்தனி ஏற்பாட்டின் குறை இதுமட்டுமன்று. நண்பகலில் பேட்டரி நிரம்பியதும் கட்டுப்பாட்டுக் கருவி மின்வரவை நிறுத்திவிடுகிறது. எஞ்சிய வெயில் வீணாகிறது. பேட்டரி நலிந்த பக்கத்து வீடோ இரவில் இருளில் மூழ்குகிறது. மாவு அரவை இயந்திரத்தை எந்த வீடும் தனியாக இயக்க முடியாது. வீடுகளைக் கம்பியால் இணைத்தால் ஒரு வீட்டின் மிகுதி இன்னொரு வீட்டின் தேவையை நிறைவு செய்யும்.

இது வெறும் கற்பனையன்று. வங்கதேசத்தில் 2003-இல் தொடங்கிய திட்டத்தின் மூலம் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சூரிய மின்சாரம் பெற்றன. அவற்றுள் சில ஊர்களில் வீடுகள் மீட்டர் வழியாக இணைக்கப்பட்டு, மிகுமின்சாரம் அண்டை வீடுகளுக்கு விற்கப்பட்டது. ஆனால் அந்த இணைப்பைக் கட்டியமைத்தது தனியார் நிறுவனம். மக்களின் கூரையில் விளையும் மின்சாரத்துக்கு விலை வைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்பதே இங்கு எழும் கேள்வி.

இணைப்பு என்பது கம்பியை முடிச்சுப் போடும் வேலையுமன்று. பழைய பேட்டரியையும் புதியதையும் நேரடியாக இணைத்தால் நலிந்தது மற்றதை உறிஞ்சும். வெப்பமேறித் தீப்பற்றவும் கூடும். 12 வோல்ட் மின்சாரம் நெடுந்தூரம் செல்கையில் பெருமளவு இழப்பாகும். ஆகவே உரிய மின்மாற்றுக் கருவிகளும், உருகிகளும், பயிற்சி பெற்ற தொழிலாளர்களும் தேவை. இதைத் தனிக் குடும்பங்கள் சுமக்க இயலாது.

2003 மின்சாரச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, மாநில அரசு அறிவிக்கும் ஊரகப் பகுதிகளில் உரிமமின்றியே மின்சாரத்தை உற்பத்தி செய்து விநியோகிக்க இடமளிக்கிறது. இந்த வாசல் தனியாருக்கும் திறந்தே இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு உள்ளூர் விநியோகத்தை நிர்வகிக்க ஊராட்சிகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் குறிப்பிடுகிறது. இந்த இரண்டாவது வழியைப் பற்றிக்கொள்ள வேண்டும்.

பீகாரின் ஜெஹானாபாத் மாவட்டத்துத் தர்னை கிராமம் தரும் எச்சரிக்கையும் உண்டு. அங்கு 2014-இல் அமைந்த 100 கிலோவாட் சூரிய மின்தொகுப்பு, மலிவான அரசு மின்சாரம் வந்தபின் சில ஆண்டுகளில் முடங்கியது. அரசு மின்தொகுப்போடு இணையாத எந்த ஏற்பாடும் நிலைக்காது. உள்ளூர் இணைப்பைக் காட்டி அரசு தன் கடமையைக் கைகழுவவும் அனுமதிக்க முடியாது.

எனவே, பேட்டரி மாற்றத்துக்கு அரசு நிதி, கூட்டுறவு உடைமையிலான இணைப்பு, மின்வாரியத்தின் தொழில்நுட்பப் பொறுப்பு, அரசு மின்சாரத்துக்கு இணையான கட்டணம் ஆகிய கோரிக்கைகளைக் கிராம சபைகளில் எழுப்புவது உடனடிக் கடமையாகும். கூரை தனித்தனியாக இருக்கலாம். கம்பி பொதுவுடைமையாக இருக்க வேண்டும்.