மனையும் மனுவும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். செங்கல், சுண்ணாம்பு, மரம், ஆள்கூலி ஆகியவற்றின் தொல்லையை மட்டுமே மனத்தில் கொண்டு அவர்கள் அவ்வாறு சொல்லியிருக்க வேண்டும். வீடு கட்டுமுன் ஒரு மனுப் போட வேண்டும், அந்த மனுவுக்குமுன் ஒரு கட்டுக் காகிதம் சேர்க்க வேண்டும் என்னும் நிலைமை அவர்களுக்கும் இருந்திருந்தால், பழமொழி இன்னும் சற்று நீண்டிருக்கும் என்பதில் ஐயமில்லை.

சிறிய ஊர்களில் வீடு கட்டும் குடும்பஸ்தர்களுடன் பேசிப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். நிலைப்படிக்குத் தேக்கா வேம்பா, பூஜை அறை எந்த மூலையில் என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுவார்கள். நகராட்சியின் கட்டட அனுமதியைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அதையெல்லாம் மேஸ்திரி பார்த்துக்கொள்கிறார்" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். பெண்ணுக்கு வரன் தேடும் பொறுப்பை முழுவதும் தரகரிடமே விட்டுவிட்டுத் தூங்கப் போகும் தகப்பனார் எவரேனும் உண்டா? ஆயுட்காலச் சேமிப்பைக் கொட்டிக் கட்டும் வீட்டின் ஜாதகத்தை மட்டும் ஏன் பிறர் கையில் கொடுத்துவிட வேண்டும்?

அந்த ஜாதகத்தில் மூன்று கட்டங்கள் உண்டு. மனை யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைச் சொல்வது பத்திரம். அது பதிவு இலாகாவைச் சேர்ந்தது. சர்க்கார் கணக்கில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைச் சொல்வது பட்டா. அது வருவாய்த் துறையின் காரியம். அந்த மனையில் என்ன கட்டப் போகிறோம் என்பதைச் சொல்வது வரைபடம். அது நகராட்சியிலோ பேரூராட்சியிலோ போய்ச் சேர வேண்டியது. இம்மூன்றும் ஒரே மனையைப் பற்றி ஒரே விதமாகப் பேச வேண்டும். பத்திரத்தில் மகன் பெயரும் பட்டாவில் பாட்டனார் பெயரும் இருப்பது நம் ஊர்களில் சர்வ சாதாரணம். பத்திரத்தில் காணும் அகலம் நில அளவைப் படத்தில் குறைந்திருப்பதும் உண்டு. மனு திரும்பி வந்தபின் அங்கலாய்ப்பதைவிட, மனுவுக்கு முன்பே இவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது எவ்வளவோ மேல். பட்டாவையும் வில்லங்க விவரத்தையும் இணையத்தின் மூலம் வீட்டிலிருந்தபடியே பார்க்க முடிகிறது. இதற்குத் தரகர் எதற்கு?

மனை பிரித்த காலத்தையும் கவனிக்க வேண்டும். நஞ்சை நிலத்தில் நான்கு கல்லை நட்டு, அங்கீகாரம் இன்றியே மனைகளாக விற்றது பல ஊர்களில் நடந்த கதை. அத்தகைய மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதன் பிறகு, 2016 அக்டோபர் 20-ஆம் தேதிவரை பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வகுக்கப்பட்டன. அங்கீகாரமும் இல்லை, வரன்முறையும் இல்லை என்றால் வீட்டு வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

நிற்க. இவ்வளவு சிரமம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். "நம் மனை, நம் பணம், நாம் கட்டுவதற்கு யாருடைய அனுமதி வேண்டும்?" என்பது திண்ணைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி.

இச்சட்டம் நேற்று முளைத்ததன்று. 1914-ஆம் ஆண்டில் பாட்ரிக் கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர், நகர அமைப்பைப் பற்றிய கண்காட்சி ஒன்றுடன் நம் நாட்டுக்குப் புறப்பட்டார். கண்காட்சிப் பொருள்கள் வந்த கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது. அவர் மனம் தளராமல் வேறு படங்களைச் சேகரித்து 1915-இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். ராஜதானியின் ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகளும் எழுதினார். நெருக்கமான தெருக்களை அடியோடு இடித்துத் தள்ள வேண்டாம், ஆங்காங்கே சிறிது சிறிதாக வெற்றிடம் உண்டாக்கினால் ஊர் மூச்சுவிடும் என்பது அவர் கொள்கை. 1920-இல் சென்னை நகர அமைப்புச் சட்டமும் ஜில்லா முனிசிபாலிட்டிகள் சட்டமும் வந்தன. இக்காலத்தில் வீட்டின் உயரத்தையும் பரப்பையும் சுற்றிலும் விட வேண்டிய இடத்தையும் நிர்ணயிப்பவை 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள். மனையின் பரப்பைப் போல் இருமடங்கு வரையில் தளங்கள் எழுப்பச் சாதாரணமாக இடம் கொடுக்கும் இந்த விதிகள், அதற்குப் பதிலாகச் சுவரைச் சுற்றிச் சிறிது வெற்றிடம் கேட்கின்றன.

அந்த வெற்றிடந்தான் எல்லாச் சச்சரவுக்கும் காரணம். "வாத்தியாரய்யா, எல்லையிலேயே சுவரை எழுப்பிவிட்டால் உள்ளே ஓர் அலமாரிக்கு இடம் கிடைக்கும். யார் வந்து அளக்கப் போகிறார்கள்?" என்று மேஸ்திரி மெதுவாகச் சொல்வார். அலமாரி கிடைப்பது உண்மைதான். ஆனால் நம் கூரைத் தண்ணீர் அடுத்த வீட்டுச் சுவரில் இறங்கும். அவர்கள் ஜன்னலைத் திறந்தால் நம் செங்கல் தெரியும். அவர்களும் அதே யோசனையைக் கேட்டு அவ்வாறே கட்டினால் இரு வீடுகளும் பட்டப்பகலில் விளக்கேற்ற வேண்டியதுதான். தெரு முழுவதும் அப்படிக் கட்டிவிட்டால், ஆபத்துக் காலத்தில் ஓர் ஏணி வைக்கவும் இடமிராது.

ஆபத்து என்பது வெறும் வார்த்தையன்று. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில், சமையற்கூடத்தில் பற்றிய நெருப்பு வகுப்பின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. குறுகிய படிக்கட்டு வழியாகத் தப்ப முடியாமல் 94 குழந்தைகள் மாண்டார்கள். கூரை எதனால் வேயப்பட வேண்டும், படி எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், அடுப்பு எங்கே இருக்க வேண்டும் என்னும் கேள்விகளெல்லாம் காகிதத்தில் வெகு சாதாரணமாகத்தான் தோன்றும். தினந்தோறும் வகுப்பறையில் நின்று குழந்தைகளின் முகங்களைப் பார்க்கும் நமக்கு அவை அவ்வளவு சாதாரணமாகத் தோன்றுவதில்லை. அனுமதிப் படிவத்தின் ஒவ்வொரு கேள்வியும் யாரோ ஒருவருடைய உயிரைக் காப்பதற்காகவே கேட்கப்படுகிறது.

இப்போது ஒரு பெரிய மாறுதல் வந்திருக்கிறது. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ உள்ளதாக, 3,500 சதுர அடிக்குள் குடியிருப்பு கட்டுவோர் இணையம் வழியே மனுச் செய்து உடனே அனுமதி பெறலாம். பரிசீலனைக் கட்டணம் இல்லை. முன்கூட்டி வந்து பார்க்கும் உத்தியோகஸ்தரும் இல்லை. கட்டி முடித்தபின் நிறைவுச் சான்றும் வேண்டியதில்லை. மனு மாதக்கணக்கில் மேஜைக்கு மேஜை உறங்கிய காலத்தையும், ரசீது இல்லாத "சில்லறைச் செலவு"களையும் அறிந்தவர்கள் இதைக் கொண்டாடாமல் இருக்க முடியாது.

ஆயினும், சான்று யாருடையது என்று யோசிக்க வேண்டும். முன்பு ஓர் அதிகாரி, "விதிப்படி இருக்கிறது" என்று கையெழுத்திட்டார். இப்பொழுது அதைச் சொல்கிறவர் வீட்டின் சொந்தக்காரர். விவரம் பொய்யென்று தெரிந்தால் அனுமதி ரத்தாகும் என்பது ஒரு புறமிருக்கட்டும். தாம் படித்தே பாராத வரைபடத்துக்குத் தம் பெயரால் சத்தியம் செய்து கொடுப்பது எந்த நியாயத்தில் சேரும்? காவல்காரன் இல்லாத தோப்பில் மாங்காய் பறிப்பதை நம் மாணாக்கர்களுக்குத் தவறென்று போதிக்கிறோம். அளக்க ஆள் வராத மனையில் ஓரடி திருடுவது அதைவிட உயர்ந்த காரியமாகிவிடுமா?

ஆகையால் வீடு கட்ட நினைக்கும் அன்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே. வரைபடத்தை விரித்து வைத்துக் குடும்பத்தார் எல்லோரும் ஒருநாள் பாருங்கள். கிணறு எங்கே, கழிவுநீர்த் தொட்டி எங்கே, இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். 2003-இலேயே கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்த் தொட்டி படத்தில் மட்டும் இல்லாமல் மண்ணிலும் இருக்கப் போகிறதா என்று கேளுங்கள். நூல் பிடித்து அஸ்திவாரம் தோண்டும் நாளில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு நீங்களே போய் நான்கு புறமும் அளந்து பாருங்கள். முடியுமானால் அடுத்த வீட்டுக்காரரையும் அழைத்துக்கொள்ளுங்கள். அன்று அவருடன் சேர்ந்து அளந்துவிட்டால், பிற்காலத்தில் அவருடன் கோர்ட்டுக்குப் போய் அளக்க வேண்டியிராது.

செலுத்தும் பணம் ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குங்கள். அனுமதி உத்தரவையும் வரைபடத்தையும் பத்திரத்துடன் ஒரே உறையில் வைத்துப் பூட்டுங்கள். பிள்ளைகள் பெரியவர்களாகி மாடி எழுப்ப நினைக்கும் காலத்தில் முதலில் தேடப் போவது அந்த உறையைத்தான்.