மூலநிரல் கிடைக்கிறது, திரை விழிக்கவில்லை

ரிமார்க்கபிள் 2 என்னும் மின்தாள் டேப்லெட்டில் லினக்ஸின் முதன்மைக் கெர்னலைத் தொகுத்து ஏற்ற முடியும். அச்சாதனத்தின் அடிப்படை வன்பொருள் விவரிப்பு 2021இலேயே முதன்மைக் கெர்னலில் சேர்ந்துவிட்டது. செயலி விழித்தெழும், யுஎஸ்பி வழியாக உள்நுழைந்து கட்டளைகளும் இடலாம். ஆனால் எதற்காக அந்தச் சாதனம் வாங்கப்பட்டதோ அந்தத் திரையில் ஓர் எழுத்துக்கூடப் புதிதாகத் தோன்றாது. மின்தாளின் இயல்புப்படி, அணைக்கும்போது கடைசியாக வரையப்பட்ட படம் உறைந்து நிற்கும், அவ்வளவுதான்.

கட்டுரைகளைப் படிக்கவும் ஓரக்குறிப்பு எழுதவும் மின்தாள் டேப்லெட்டை நாடும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் பார்ப்பது திரையின் அளவு, பேனாவின் துல்லியம், விலை ஆகியவற்றையே. "உள்ளே லினக்ஸ் இயங்குகிறது" என்றால் கூடுதல் நிறைவு. ஆனால் அச்சொற்றொடர் தருவதாகத் தோன்றும் சுதந்திரமும் உண்மையில் கிடைக்கும் சுதந்திரமும் ஒன்றல்ல. இத்தகைய சாதனத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது கெர்னலின் மூலநிரல் வெளியிடப்பட்டதா என்பதன்று. திரையை இயக்கும் நிரல் முதன்மைக் கெர்னலில் இடம்பெற்றதா என்பதே.

காலக்கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். ரிமார்க்கபிள் 2 சந்தைக்கு வந்தது 2020இல், 4.14 கெர்னலோடு. அந்தக் கெர்னல் வெளியானது 2017 நவம்பரில். அதன் பராமரிப்பு 2024 ஜனவரியில் முடிந்தது. இடையில் நிறுவனமே 5.4க்கு மாறியது, அதற்கான பராமரிப்பு 2025 டிசம்பர் வரை என்றே குறிக்கப்பட்டிருந்தது. இனிவரும் நீண்டகால வெளியீடுகளை ஆறு ஆண்டுகளுக்குப் பதிலாக இரண்டே ஆண்டுகள் பராமரிப்பது என்ற முடிவும் 2023இல் அறிவிக்கப்பட்டது. ஒரு முனைவர் பட்ட ஆய்வு ஐந்தாறு ஆண்டுகள் நீள்கிறது. முதலாண்டில் வாங்கிய சாதனம், ஆய்வேடு ஒப்படைக்கப்படும் முன்பே பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கெர்னலில் நின்றுவிடக்கூடும். வைஃபையை ஒருபோதும் திறக்காமல் யுஎஸ்பி கம்பி வழியாகக் கோப்புகளை மாற்றுவோருக்கு இது பெரிய இடர் அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அப்படிப் பயன்படுத்துவோர் எத்தனை பேர்?

கெர்னலை மாற்றினால் திரை ஏன் அணைகிறது? சிக்கல் மின்தாளின் இயற்பியலிலேயே தொடங்குகிறது. சாதாரணத் திரையில் ஒரு புள்ளிக்கு இந்த நிறம் என்று சொன்னால் போதும். மின்தாளில் ஒவ்வொரு நுண்ணுறைக்குள்ளும் மின்னூட்டம் பெற்ற கருப்பு, வெள்ளைத் துகள்கள் மிதக்கின்றன. நேர், எதிர் மின்னழுத்தத் துடிப்புகளால் அவற்றை மேலும் கீழும் நகர்த்த வேண்டும். எத்தனை துடிப்பு, எந்த வரிசையில் என்பது அப்புள்ளி இப்போது எந்தச் சாம்பல் நிலையில் இருக்கிறது, எந்த நிலைக்குப் போக வேண்டும் என்பதைப் பொறுத்தது. 16 நிலைகள் என்றால் 256 மாற்றங்கள். அவை ஒவ்வொன்றும் வெப்பநிலைக்கேற்பவும் வேறுபடும். இவற்றைத் தொகுத்த அட்டவணைக்கு அலைவடிவம் என்று பெயர். அது திரைத் தயாரிப்பாளரின் உடைமை; திரைக்குத் திரை மாறவும் செய்யும். அலைவடிவம் தவறினால் பழைய பக்கத்தின் நிழல் புதிய பக்கத்தில் பேயுருவாய்த் தங்கும்.

2017இல் வந்த முதல் ரிமார்க்கபிளில் இந்த வேலையைச் செயலிச் சில்லுக்குள் இருந்த மின்தாள் கட்டுப்படுத்தியும் கெர்னல் இயக்கியும் செய்தன. இரண்டாம் பதிப்பில் சாதாரண எல்சிடி கட்டுப்படுத்தியைக் கொண்டே திரை இயக்கப்படுகிறது. அலைவடிவக் கணக்கு முழுவதும் கெர்னலுக்கு வெளியே, நிறுவனத்தின் மூடிய செயலிக்குள் போய்விட்டது. வேகத்தைப் பொறுத்தவரை அது நல்ல பொறியியல்தான். உரிம மீறலும் அதில் இல்லை: கெர்னலின் மூலநிரல் வெளியிடப்பட்டிருக்கிறது, ரூட் கடவுச்சொல்லையே அமைப்புகள் பக்கத்தில் காட்டும் நேர்மை அந்நிறுவனத்துக்கு உண்டு. ஆயினும் கதவின் சாவியைத் தந்துவிட்டு விளக்கின் பொத்தானை வேறோர் அறையில் பூட்டிவைத்ததுபோல் ஆயிற்று. வேறு செயலிகளைத் திரையில் காட்ட விரும்பிய தன்னார்வலர்கள், அந்த மூடிய செயலிக்குள் வரையும் செயற்கூறு எந்த முகவரியில் இருக்கிறது என்று தேடிப்பிடித்து அதை இரவல் வாங்கினார்கள். ஒவ்வொரு மென்பொருள் புதுப்பித்தலிலும் முகவரி மாறும். தேடல் மீண்டும் தொடங்கும்.

பைன்நோட்டின் கதை நேரெதிர். 2021இல் அறிவிக்கப்பட்ட அந்தச் சாதனம் முடிக்கப்படாத மென்பொருளுடன், நிரலாளர்களுக்கென்றே விற்கப்பட்டது. சில்லுத் தயாரிப்பாளர் வெளியிட்ட கெர்னலில் மின்தாள் இயக்கியின் முக்கியப் பகுதிகள் சி மொழியில் அல்லாமல் அசெம்பிளி வடிவில் இருந்தன. மாற்றம் செய்வதற்கு எந்த வடிவம் உகந்ததோ அதுவே மூலநிரல் என்கிறது ஜிபிஎல் உரிமம். தொகுப்பான் உமிழ்ந்த அசெம்பிளியை அப்படி அழைக்க மனம் ஒப்புமா? தன்னார்வ நிரலாளர் ஒருவர் அந்த இயக்கியைப் புதிதாக எழுதி 2022இல் கெர்னல் சமூகத்தின் பரிசீலனைக்கு அனுப்பினார். இன்று பைன்நோட்டில் புதிய கெர்னல்கள் இயங்குவதற்கு அதுவும், அதன் மேல் பிறர் செய்த பணிகளுமே அடித்தளம். வணிக மெருகில் அது ரிமார்க்கபிளுக்கு ஈடாகாது. புதுப்பிக்கக்கூடிய தன்மையில் அதுவே முந்தி நிற்கிறது.

முதன்மைக் கெர்னலை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. லினக்ஸின் உள் இடைமுகங்கள் நிலையானவை அல்ல. அவை மாறிக்கொண்டே இருக்கும் என்பது அறிவிக்கப்பட்ட கொள்கை. முதன்மைக் கிளைக்குள் இருக்கும் இயக்கியை, இடைமுகத்தை மாற்றுபவரே சேர்த்துத் திருத்தித் தருவார். வெளியே நிற்கும் இயக்கியை அதன் உரிமையாளர்தான் ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டும். அவருக்கு ஆர்வம் தீர்ந்த நாளில் சாதனத்தின் முதுமை தொடங்குகிறது.

இந்தியாவில் பழுதுநீக்கும் உரிமை குறித்து நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் அமைத்த குழு, தன் வரம்பில் கைப்பேசிகளோடு டேப்லெட்டுகளையும் சேர்த்தது. அவ்விவாதத்தில் உதிரிபாகம் என்றால் மின்கலமும் திரையும் நினைவுக்கு வருகின்றன. மின்தாளைப் பொறுத்தவரை அலைவடிவக் கோப்பும் ஓர் உதிரிபாகமே. பைன்நோட்டில் அது சேமிப்பகத்தின் தனிப் பகிர்வில் இருக்கிறது. வேறு எதையும் தொடுமுன் அதைப் படியெடுத்து வைப்பது அங்கே முதல் விதி. ஆய்வு நல்கையிலோ நூலக நிதியிலோ மின்தாள் டேப்லெட் வாங்கும் துறைகள் விற்பவரிடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்கலாம்: திரை இயக்கி எங்கே இருக்கிறது? அலைவடிவத்தைப் பயனர் படியெடுக்க முடியுமா? பதில் வராவிட்டால் அதையும் கோப்பில் பதிந்துவைக்கலாம்.