ஆட்டுக்கறிக்கு இல்லாத கேள்வி

"மாட்டுக்கறி திங்கிறியா? அதான் கட்டி வந்திருக்கு." மார்பில் கட்டியோடு போன என் அம்மாவிடம் ஒரு டாக்டர் சொன்னது இது. அம்மா தலையைக் குனிஞ்சுகிச்சு. அப்புறம் மூணு மாசம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகல. கட்டி வளர்ந்தது.

தோழர்களே, உண்மை என்ன? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சிவப்புக் கறி புற்றுநோய் தரக்கூடும் என்றது. அந்தப் பட்டியலில் மாடு மட்டுமில்லை, ஆடும் பன்றியும் உண்டு. சொன்னதும் முக்கியமாகப் பெருங்குடல் புற்றுநோயைப் பற்றி. ஆட்டுக்கறி தின்கிறவரை எந்த டாக்டர் இப்படிக் கேட்டார்?

அம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டியது வேறு. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் உடம்புக் கொழுப்பில்தான் உண்டாகிறது. கொழுப்பு கூடினால் அதுவும் கூடும், இன்சுலினும் கூடும். மார்பிலும் கருப்பையிலும் செல்கள் பெருகத் தூண்டுதல் அது. 2016இல் அதே முகமை உடல்பருமனோடு 13 வகைப் புற்றுநோய்களைத் தொடர்புபடுத்தியது. ஒருத்திக்கு ஏன் வந்தது என்று யாரும் அறுதியிட முடியாது. ஆனால் ரேஷன் அரிசி, சர்க்கரை, பாமாயிலில் வயிற்றை நிரப்புகிறவளுக்குக் காயும் பழமும் வாங்கக் கூலி போதுமா? இதை யார் கேட்டார்?

நம் பக்கமும் ஒன்று சொல்லணும். உப்பிட்டுப் பதப்படுத்திய கறி பெருங்குடல் புற்றுநோய் தரும் என்பது உறுதி. தினம் 50 கிராம் தின்றால் ஆபத்து 18 சதவீதம் ஏறும். நம் உப்புக்கண்டமும் அதில் சேர்த்திதான். குறைப்போம். உடம்புக்காகக் குறைப்போம், எவனோ முகம் சுளிக்கிறான் என்று அல்ல. கட்டி தட்டுப்பட்டால் அன்றைக்கே போவோம், தலை குனியாமல்.