கேபிளைப் பிடுங்கிப் பார்!

"நெட்வொர்க் போச்சு சார்!" நம்ம லேப்பில் தினம் ஒரு தடவையாவது கேட்கிற குரல். அடுத்த குரல் அதைவிட வேகமாக வரும்: "ஃபார்மட் அடிச்சிரு மச்சான்!" நண்பர்களே, இந்த இரண்டாவது குரலின் மீதுதான் எனக்குக் கோபம். காரணத்தைச் சொல்வதில் கொஞ்சம் வெட்கமும் உண்டு.

போன செமஸ்டரில் 9-ம் நம்பர் மெஷினில் என் நண்பன் ப்ராஜெக்ட் செய்துகொண்டிருந்தான். லினக்ஸ். திடீரென்று சர்வர் தொடர்பு வரும், போகும், மறுபடி வரும். 127.0.0.1-க்கு பிங் அடித்தான், பதில் வந்தது. தன் மெஷினின் ஐ.பி. முகவரிக்கே அடித்தான், அதுவும் வந்தது. "கார்டு, கேபிள் எல்லாம் ஓகே, ஓ.எஸ்.தான் கெட்டுப்போச்சு" என்று நாங்கள் நாலு பேர் கூடித் தீர்ப்புச் சொன்னோம். பாவி, ஃபார்மட் அடித்துவிட்டான். மூன்று வாரம் எழுதிய புரோகிராம் அதோடு போயிற்று. புதிதாக லினக்ஸ் போட்டு அதே முகவரியைக் கொடுத்தான். அதே கோளாறு!

எங்கள் தீர்ப்பின் லட்சணத்தைப் பாருங்கள். 127.0.0.1 என்பது லூப்பேக். அந்தப் பாக்கெட் மெஷினை விட்டு வெளியே போவதே இல்லை. சொந்த முகவரிக்கு அடிக்கிற பிங்கும் உள்ளேயே சுற்றி உள்ளேயே வந்துவிடும். நம்மை நாமே கூப்பிட்டு நாமே "என்ன?" என்று கேட்டுக்கொள்கிற கதைதான். கேபிளைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது. மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் பிங்கை எழுதியதே, தன் நெட்வொர்க் ஏன் விசித்திரமாக நடக்கிறது என்று பார்க்கத்தான். நாங்களோ ரெக்கார்டு நோட்டில் அதைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கியதோடு சரி!

கடைசியில் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் வந்தார். சர்வரில் உட்கார்ந்து 9-ம் மெஷினின் முகவரிக்கு பிங்கை ஓடவிட்டார். "இப்ப அந்த கேபிளைப் பிடுங்குடா" என்றார். பிடுங்கினோம். பதில் இரண்டொரு நொடி நின்றது, பிறகு... மறுபடி வந்துகொண்டே இருந்தது! கேபிள் என் கையில், பதில் திரையில்.

அதே முகவரியோடு வேறொரு மெஷின் லேப்பில் இருந்தது. சர்வர் ஒரு முகவரியைத் தேடும்போது, எந்த கார்டின் மேக் எண் பதிலாக வருகிறதோ அதைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு சமயம் அவன் கார்டு, ஒரு சமயம் மற்றது. அதனால்தான் வருவதும் போவதும். அண்ணன் 'ஐபி நெய்பர்' கட்டளை அடித்து மேக் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டே வந்தார். 14-ம் நம்பரில் நின்றார். அது என் மெஷின். டைப் அடிக்கச் சோம்பல்பட்டு 9-ன் கான்ஃபிக் ஃபைலை அப்படியே காப்பி செய்தவன் நான். முகவரியை மாற்ற மறந்தவனும் நான். தீர்ப்புச் சொன்ன நாலு பேரில் ஒருவனும் நானேதான்.

இதனால் என் கோரிக்கை இது. பிராக்டிகலில் ஒழுங்காக ஓடுகிற நெட்வொர்க்கைக் கொடுத்து பிங் அடிக்கச் சொல்லாதீர்கள், கெட்டுப்போன ஒன்றைக் கொடுங்கள். தப்பான நெட்மாஸ்க், காலியான டி.என்.எஸ். ஃபைல், பாதி கழன்ற கேபிள், ஏதோ ஒன்று. இருபது நிமிஷம் கொடுங்கள். முதலில் கார்டின் விளக்கு எரிகிறதா, பிறகு முகவரி சரியா, பிறகு பக்கத்து மெஷின் பேசுகிறதா என்று ஒருவன் எந்த வரிசையில் போகிறான் என்பதற்கு மார்க் போடுங்கள். பிங்குக்குப் பதில் இல்லாவிட்டாலும் எதிரி மெஷின் உயிரோடு இருக்கலாம், ஃபயர்வால் வாயை அடைத்திருக்கலாம் என்று எழுதுகிறவனுக்கு இரண்டு மார்க் கூட.

"முப்பது மெஷினையும் கெடுத்துவிட்டுத் திரும்ப யார் சரி செய்வது?" என்று சார்கள் கேட்பார்கள். 'ஐபி' கட்டளையால் செய்கிற மாற்றம் ரீபூட் செய்தால் போய்விடும் சார், அதிக வேலை இல்லை. அப்போ நாங்களும் ரீபூட் அடிப்போமே என்று கண்ணடிக்கிற நண்பர்களுக்கு: ரீபூட் அடித்தால் மார்க் பூஜ்யம் என்று கேள்வித்தாளிலேயே அச்சடிக்கச் சொல்லப்போகிறேன்.

என் நண்பனின் புரோகிராமில் பாதியை, அவன் சொல்லச் சொல்ல நானே டைப் அடித்துக் கொடுத்தேன். மீதிப் பாதிக்கு இன்னும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.